முதியோர் பரிசோதனை முகாம்: பிரஷர், சுகர் தாண்டி எதையெல்லாம் பார்க்கலாம்?

ஊருணிக்கரை கேட்டது:

எங்க பஞ்சாயத்துல 60 வயசு தாண்டினவங்க 90 பேர் கிட்ட இருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை நூலகக் கட்டடத்துல முகாம் வைக்கிறோம். பிரஷர், சுகர் மாத்திரையெல்லாம் மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்துடுது, அதனால அதையே திரும்பச் செய்ய வேண்டாம்னு நினைக்கிறோம். கீழ விழுற அபாயம், ஞாபகம், சாப்பாடு, மனசு, வீட்டு நிலைமை, இதுதான் திட்டம். ஒரு செவிலியர், ஆறு தன்னார்வலர்கள். டாக்டர் கிடையாது. ஆளுக்கு 20 நிமிஷம். எதை முதல்ல பார்க்கறது? மனசைப் பத்திக் கேட்டா "எனக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கேன்"னு முடிச்சுடுறாங்களே, அதுக்கு என்ன வழி?

வெள்ளைக்கொக்கு (செவிலியர்):

முதல்ல காது. வேற எதை முன்னாடி வச்சாலும் கணக்கு தப்பும். காது மந்தமானவர்கிட்ட மூணு வார்த்தை சொல்லித் திரும்பக் கேட்டா, பாதி காதுல விழாது; தாள்ல "ஞாபகமறதி"ன்னு ஏறிடும்.

டார்ச் அடிச்சு குறும்பி அடைச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் அவருக்குப் பின்னால, ஒரு பக்கமா, கை நீட்டினா தொடுற தூரத்துல நில்லுங்க. மறுகாதை விரலால அடைக்கச் சொல்லிட்டு, மூச்சை வெளிய விட்டுட்டு, நாலு வார்த்தையை மெதுவா கிசுகிசுங்க. மூச்சை இழுத்துட்டுப் பேசினா குரல் ஏறிடும், சோதனை வீண். முன்னால நின்னா உதட்டைப் பார்த்தே சொல்லிடுவாங்க. ஃபேனை நிறுத்துங்க, நூலகத்துல அது போடுற சத்தம் தெரியும்ல. கண்ணுக்கு 3 மீட்டர்ல அட்டை போதும். புரை தெரிஞ்சா கண் முகாமுக்குச் சீட்டு.

ஞாபகத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தோட ஐகோப்ங்கற முதியோர் பராமரிப்புக் கையேட்டுல இருக்கற பூ, கதவு, அரிசி நல்ல தேர்வு. வீடு, மாடுன்னு எதுகையா எடுத்தா ஒண்ணு இன்னொண்ணை இழுத்துட்டு வந்துடும். தேதி கேட்கும்போது ஆடி, ஆவணின்னு தமிழ் மாசம் சொன்னாலும் சரின்னு போடுங்க. கடிகாரம் வரையச் சொல்ற சோதனை பள்ளிக்கூடம் போகாதவங்களுக்கு வேண்டாம், பென்சிலே புதுசா இருக்கும்.

ஒண்ணு முக்கியம்: ரெண்டு மூணு நாளா திடீர்னு குழப்பமாப் பேசுறார்னா அது மறதி நோய்னு எழுதாதீங்க. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, சுகர் இறங்குறது, புது மாத்திரைன்னு ஏதாவது இருக்கும். அன்னைக்கே ஆஸ்பத்திரி.

வரும்போது மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்க. அரிப்புக்கு வாங்கின அவில், எப்பவோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை, இதுங்களே குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். கிளிபென்கிளமைடுங்கற சுகர் மாத்திரையைப் போட்டுட்டு ராத்திரி சாப்பாட்டைத் தவிர்க்கறவங்களைத் தனியாக் குறிச்சு வைங்க, விடியக்காலம் சுகர் இறங்கிடும். நீங்களா எதையும் நிறுத்தச் சொல்லாதீங்க, ஆரம்ப சுகாதார நிலைய (பிஎச்சி) டாக்டருக்குச் சீட்டு எழுதினா போதும்.

நடைவண்டி (பிசியோதெரபிஸ்ட்):

நாற்காலியில் இருந்து ஐந்து முறை எழுந்து உட்காரும் சோதனையை விட்டுவிடாதீர்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நிற்காமல் ஐந்து முறை. 14 விநாடிக்குள் முடியவில்லையென்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். முதலில் ஒரே ஒரு தடவை எழச் சொல்லுங்கள். கை ஊன்றாமல் முடியவில்லையென்றால் அதையே எழுதிக்கொண்டு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

அடுத்தது நடை. 3 மீட்டர் அளந்து சாக்பீஸ் கோடு. எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்காரும்வரை நேரம் எடுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் என்றால் விழும் அபாயம் உண்டு. அவர் தினமும் போடும் செருப்போடும் பிடிக்கும் கம்போடும் நடக்கட்டும். ஓரடி பின்னால் ஒருவர் கூடவே போக வேண்டும். தடுமாற்றம் பெரும்பாலும் திரும்பும் இடத்தில்தான், அங்கே கண்ணை எடுக்காதீர்கள்.

விழுந்தவர்களுக்கும் "எந்திரிச்சா கண்ணு இருட்டுது" என்பவர்களுக்கும் மட்டும்: பெஞ்சில் 5 நிமிடம் படுக்க வைத்து பிரஷர், பிறகு நின்ற 1வது, 3வது நிமிடங்களில் மீண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் அனுப்புங்கள். உட்கார வைத்து மட்டும் எடுக்கும் முகாம்களில் இது சிக்கவே சிக்காது.

எடை: மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் குறைந்ததா என்பது கேள்வி. பழைய எடை யாருக்கும் தெரியாது. அரைஞாண் கயிறு இறங்குகிறதா, முழங்கை வரை வளையல் ஏறுகிறதா, ஜாக்கெட்டில் புதிதாகத் தையல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உட்கார வைத்துக் கெண்டைக்காலின் அகலமான இடத்தை டேப்பால் அளங்கள், 31 செ.மீ.க்குக் கீழே என்றால் சத்துக்குறைவு இருக்கலாம். அதற்கு முன் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் வீக்கம். அந்த அளவை நம்ப முடியாது.

ஊருணிக்கரை:

மருமகளோ மகனோ கூடவே உட்கார்ந்து பதில் சொல்லிடுவாங்களே?

திண்ணை (சமூகப் பணியாளர்):

அவங்களுக்குத் தனி மேஜை போட்டு, "வீட்ல பார்த்துக்கறவங்க விவரம்"னு ஒரு தாளைக் கொடுத்து அங்க உட்கார வைங்க. அவங்க சோர்வையும் கேட்ட மாதிரி ஆச்சு, பெரியவர்கிட்டத் தனியாப் பேசவும் இடம் கிடைச்சாச்சு.

"மனச்சோர்வு இருக்கா"ன்னு கேட்டா இல்லைன்னுதான் வரும். "ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டாம இருக்கா, எத்தனை நாள்?", "மனசு வெறுத்துப்போய் இருக்கா, எத்தனை நாள்?"னு நாள் கணக்காக் கேளுங்க. ஒவ்வொண்ணுக்கும் 0 (ஒரு நாளும் இல்லை) முதல் 3 (அநேகமா தினமும்) வரை மதிப்பெண். கூட்டி 3 வந்தா செவிலியர் பார்க்கணும். உடம்பு எரியுது, நெஞ்சு படபடங்குது, தூக்கமே இல்லைன்னு மட்டும் சொல்றவங்களையும் இதுல சேருங்க, மனசு பேசற பாஷை பல பேருக்கு அதுதான்.

"போய்ச் சேர்ந்தா நிம்மதி"ங்கறது பெரியவங்க வழக்கமாச் சொல்றதுதான்னு கடந்து போயிடாதீங்க. "நீங்களே ஏதாவது செஞ்சுக்கலாம்னு தோணுச்சா?"ன்னு நேராக் கேளுங்க, கேட்கறதால அந்த எண்ணம் வந்துடாது. ஆமாம்னா தனியா அனுப்பாதீங்க. வீட்ல பூச்சிமருந்து இருக்கான்னு விசாரிங்க, அன்னைக்கே மாவட்ட ஆஸ்பத்திரி. டெலி மனஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416.

வீட்டு நிலைமைக்கு "பிள்ளைங்க பார்த்துக்கறாங்களா" வேண்டாம், விட்டுக்கொடுக்காமத்தான் பதில் சொல்வாங்க. "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, யாரோட?", "ராத்திரி முடியலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?", "பென்ஷன் வர்ற ஏடிஎம் கார்டு யார்கிட்ட?" இந்த மூணே போதும்.

வெள்ளைக்கொக்கு:

கார்டு கேள்வில எனக்கு உடன்பாடு இல்லை. சாயந்திரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். பின்னாடி போய்ப் பார்க்க ஆள் இல்லாத இடத்துல அதைக் கிளறிவிட்டா, அடி வாங்கறது பெரியவர்தான்.

திண்ணை:

நியாயம்தான். தொடர்ந்து போய்ப் பார்க்க ஆள் இருந்தா மட்டும் கேளுங்க. பதிலை முகாம் தாள்ல எழுத வேண்டாம். அவர் சம்மதிச்சா முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம், ஜீவனாம்சம் மாசம் 10,000 ரூபாய் வரை. குடும்பத்தைக் கூப்பிட்டு நீங்க பஞ்சாயத்து பண்ணாதீங்க.

நடைவண்டி:

நேரக் கணக்கையும் பாருங்கள். நடைக்கும் பேச்சுக்கும் தன்னார்வலர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் ஒருவரைப் பார்க்க முடியும். மூன்று ஜோடி, 90 பேர், 20 நிமிடம் என்றால் 10 மணி நேரம். இரண்டு ஞாயிறாகப் பிரியுங்கள். அனுப்பும் சீட்டில் எங்கே, எந்தக் கிழமை, யார் கூட்டிப்போவது, மூன்றையும் எழுதுங்கள். கூட்டிப்போகும் ஆள் பெயர் இல்லாத சீட்டு அலமாரியிலேயே கிடக்கும்.

ஊருணிக்கரை:

ரெண்டு ஞாயிறாவே வச்சுக்கறோம். நூலகத்துல கை வச்ச நாற்காலியும் பள்ளிக்கூட பெஞ்சும்தான் இருக்கு. எது ஆகும்?

நடைவண்டி:

நாற்காலிதான். கையைப் பிடிக்காமல் எழுந்தால் சரி. தரையிலிருந்து உட்காரும் பலகை 43 செ.மீ. உயரம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் பெஞ்ச் தாழ்வாக இருந்தால் நல்ல கால் உள்ளவரும் 14 விநாடியைத் தாண்டிவிடுவார்.