ஜேமர்சன் பாணி பேஸ்: கம்பி, ஸ்பாஞ்ச், பிறகு ஸ்வரம்

டெட்ராய்ட் நகரத்து சோல் இசை நிறுவனமான மோட்டவுனின் பாட்டுகளில் பேஸ் கிட்டார்க்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த அந்த உருண்டையான சத்தத்துக்காகப் பலர் ஆம்ப்பையும் பெடலையும் தேடி அலைகிறார்கள். டெட்ராய்ட் ஸ்டுடியோவில் அவருடைய 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் பெரும்பாலும் நேராக மிக்ஸருக்குத்தான் போனது. கம்பி, பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பி தங்கும் கட்டை) மூடிக்குள் ஸ்பாஞ்ச், வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்று, அவ்வளவுதான்.

கம்பி லா பெல்லா ஃபிளாட்வவுண்ட் (தட்டைச் சுற்றுள்ள வழுவழுப்பான கம்பி), தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 52 முதல் 110 வரை. அறுந்தால்தான் மாற்றுவார். வழக்கமான 45–105 செட்டிலிருந்து இதற்குப் போனால் இழுவை கூடி நெக் முன்பக்கம் வளையும். நெக்குக்குள் அதை நிமிர்த்தும் கம்பியான ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள், ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நட்டில் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளக்கட்டை) தடித்த ஈ கம்பியின் பள்ளம் 105க்கு வெட்டியதென்றால் 110 உட்காராது. ஸ்ருதி சேர்க்கையில் டிக்கென்று தாவும். பள்ளத்தை அகலப்படுத்தியே ஆகவேண்டும்.

ஸ்பாஞ்ச் பிரிட்ஜை ஒட்டி, கம்பிக்கு அடியில். நெக்கின் குறுக்கு வளைவுக்கு ஏற்ப நடுக்கம்பிகள் இரண்டும் கொஞ்சம் உயரத்தில் நிற்கும். அதனால் தட்டையான ஸ்பாஞ்ச் ஓரக்கம்பிகளை மட்டும் அமுக்கும், ஏ, டி இரண்டும் நீளமாக ஒலிக்கும். நடுவில் ஒரு துண்டு கூடுதலாக ஒட்டினால் சரியாகிவிடும். அதிகமாகத் திணித்தால் கம்பி மேலேறி ஸ்ருதியும் ஏறும். வைத்தபிறகு மறுபடி ட்யூன் பண்ணுங்கள்.

——

மேலே கம்பி, ஸ்பாஞ்ச் பற்றி அண்ணன் சொன்னதோடு ஸ்வரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். மெதுவான பாட்டு, சி – ஏ மைனர் – டி மைனர் – ஜி, ஒவ்வொரு கார்டும் ஒரு பார் (நான்கு பீட்). முதல் பாரில் சி ஒன்றரை பீட், ஜி அரை பீட், மூன்றாவது பீட்டில் ஈ, நான்காவதின் முதல் பாதியில் ஜி, மறுபாதியில் ஜி ஷார்ப். அடுத்த பாரின் முதல் அடியில் ஏ தானாக வந்து விழும். அந்த ஜி ஷார்ப்தான் காதை இழுத்துக்கொண்டு போகிறது.

இதையே ஏ மைனரிலிருந்து டிக்குப் போகச் செய்யும்போது கவனம். சி ஷார்ப் வைக்கும் நேரத்தில் பாடகர் சி ஸ்வரத்தைப் பிடித்து நின்றால் இரண்டும் முட்டும். அப்போது மேலிருந்து ஈ வழியாக டிக்கு இறங்குங்கள்.

சிக்கும் ஏ மைனருக்கும் நடுவே ஜி கார்டு வந்தால் பேஸில் பி வாசிக்கலாம், சி–பி–ஏ என்று அழகாக இறங்கும். ஆனால் கீபோர்டுக்காரர் இடதுகையில் கீழே ஜி போட்டால் அத்தனையும் சேறாகிவிடும். இடதுகையை மிடில் சி பக்கம் தூக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

——

சத்தத்தைப் பற்றிச் சொன்னதில் ஒன்று விட்டுப்போனது: டோன் நாபைக் குறைக்காதீர்கள். கூர்மையை ஸ்பாஞ்சும் பழைய கம்பியும் ஏற்கெனவே எடுத்துவிடும். நாபையும் மூடினால் விரல் படும் அந்த ‘டப்’ போய், சின்னச் சின்ன ஸ்வர ஓட்டமெல்லாம் மங்கிவிடும். ஓட்டங்களைப் பாடகர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் வையுங்கள். ஸ்னேர் டிரம் விழும் இரண்டாம், நான்காம் பீட்டில் நீள ஸ்வரத்தை இடதுகை விரல் தளர்த்தி வெட்டிப் பாருங்கள், டிரம்ஸும் தெளியும்.