பாட்டா வைத்துவிட்டுப் போன இரட்டைக்குழல் துப்பாக்கி: சுடலாமா?

குலசேகரம்:
வணக்கம். பாட்டா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. 12 போர் (குழல் துளையின் அளவு), வெளியே இரண்டு குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி). அப்பா இறந்ததும் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்திருந்தோம். இப்போது லைசென்ஸ் என் பெயருக்கு வந்துவிட்டது, போன மாதம் எடுத்து வந்தேன். கடைசியாக எப்போது சுட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பார்வைக்குப் பளபளவென்றுதான் இருக்கிறது. குழல் முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரி வரி. அடியில் ஒரு முட்டை வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள், கூட ஒரு நட்சத்திரம். அசம்பு மலை எஸ்டேட் சாயிப்பு (வெள்ளைக்காரத் துரை) கொடுத்த இங்கிலீஷ் துப்பாக்கி என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

மரச்சீனித் தோட்டத்தில் பன்றித் தொல்லை தாங்கவில்லை. துப்பாக்கியைத் தென்னையில் கட்டி, விசையில் கயிறு போட்டுத் தூரத்தில் நின்று இழுப்போம், குழல் கிழியாவிட்டால் தைரியமாகச் சுடலாம் என்கிறார் சித்தப்பா. சரிதானா?

தக்கலை:
தம்பி, சித்தப்பாவிடம் கயிற்றைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். முதல் வெடியைத் தாங்கிய குழல் உள்ளே லேசாக விரிந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கலாம். இரண்டாவது வெடியில் கிழியும். அப்போது அது தென்னையில் இருக்காது, உங்கள் கையில் இருக்கும். முறையான சோதனைச் சாலையில் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுவிட்டு, குழலைப் பரிசோதித்த பிறகுதான் முத்திரை அடிப்பார்கள்.

இன்னொன்று, அது இங்கிலீஷ் துப்பாக்கி இல்லை. முட்டை வட்டமும் நட்சத்திரமும் பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை. சாயிப்பு கொடுத்தது உண்மையாகவே இருக்கலாம், அந்த ஊர்த் துப்பாக்கிகள் உலகம் முழுக்கப் போயின. அந்த வரிதான் முக்கியம். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி, ஒரு தண்டில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் அது. டமாஸ்கஸ் என்பார்கள். கரிமருந்து, அதாவது பழைய கறுப்பு வெடிமருந்து, இருந்த காலத்து வேலை. இன்றைய கடைத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்துக்கு லியேஜில் தனி முத்திரை உண்டு: சிங்கமும் அதன் கீழ் பி.வி. எழுத்தும். அது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடைத் தோட்டாவை அதில் போடவே கூடாது.

குலசேகரம்:
டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணே. சிங்கம் இல்லை. மருந்தைக் குறைத்துத் தோட்டா கட்டினால்?

தக்கலை:
எவ்வளவு குறைத்தால் போதும் என்று யார் சொல்வது? குழல் எங்கே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்றே இன்னும் தெரியாதே.

மார்த்தாண்டம்:
ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டிலேயே பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். இதில் தேறினாலும் சுடலாம் என்று அர்த்தமில்லை, தேறாவிட்டால் பேச்சே முடிந்தது.

முதலில் திறந்து, தோட்டா உட்காரும் இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். அப்புறம் குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். நம் ஊரில் குளவிக்கு இந்த ஓட்டை என்றால் உயிர், மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும். அந்த ஒரு கட்டி போதும் குழல் வெடிக்க. உள்ளே வளையம் போல நிழல் விழுந்தால் அங்கே வீங்கியிருக்கிறது. கரும்புள்ளிகள் துருப்பள்ளம். கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். நமக்கோ இரண்டு பருவ மழை, போதாததற்கு உப்புக் காற்று. முறுக்குக் குழலில் ஒட்டுகளின் இடுக்கிலும் துரு இறங்கும், வெளிப் பளபளப்பு அதை மறைத்துவிடும்.

குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு மரத்துண்டால் தட்டுங்கள். கோயில் மணி போல ரீங்காரம் வர வேண்டும். பொத்தென்று கேட்டால் இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. பிறகு முன்கட்டை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) இல்லாமல் குழலைப் பூட்டி அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. வெறும் அறையில் விசையை இழுத்துப் பார்க்காதீர்கள், குத்துமுனை ஒடியும்.

கருவி இல்லாமல் முடியாதது இரண்டு. ஒன்று சுவர்த் தடிமன். வாய்ப்பக்கம் பார்த்து ஏமாறுவார்கள், மெலிவது பெரும்பாலும் நடுவில். இன்னொன்று அறையின் நீளம். பழைய அறை 65 மி.மீ. இருக்கும். கடையில் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா, ஆனால் அது வெடித்து விரிந்த பிறகுள்ள நீளம். அதனால் சின்ன அறைக்குள்ளும் சமர்த்தாக உட்காரும். வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பொருந்துகிறதே என்று நம்பிச் சுட்டுக் கைவிரலை இழந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆயுதக் கடை மிஸ்திரியிடம் கொண்டு போங்கள்.

பேச்சிப்பாறை:
பன்றி விஷயம் ஒன்று. ஆயுத லைசென்ஸ் இருப்பதால் பன்றியைச் சுட உரிமை வந்துவிடாது. 1972 வன உயிரினச் சட்டம் வேறு. வனத்துறையிடம் மனு கொடுங்கள். சுடாமல் சும்மா வைத்திருந்தாலும் லைசென்ஸைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். பழசு என்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது, பழுது பார்த்தால்கூடச் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான்.

குலசேகரம்:
மிஸ்திரி அளந்துவிட்டார். அறை 65 தான். இடது குழலில் நடுவில் ஓரிடம் 0.4 மி.மீ. மட்டுமே, அதே இடத்தில் உள்ளே பள்ளம். 0.5 மி.மீ.க்குக் கீழே போனாலே தொடமாட்டாராம். வலது குழல் பரவாயில்லை, அதை மட்டும் சுடலாமா என்று கேட்டேன். முறைத்தார். பாட்டாவின் பெட்டியில் கிடந்த உப்பிய காகிதத் தோட்டாக்களையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டேன். சித்தப்பா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை, அதிலும் இங்கிலீஷ் இல்லை என்றது அவருக்குப் பெரிய அடி.

கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

மார்த்தாண்டம்:
வேண்டாம். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், துளி போதும். குழலுக்குத் துப்பாக்கி எண்ணெய். துணி உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் பிடிக்கும்.