ஆசிட் தொட்டியில் சி.டி.ஏ.பி. இரும்பைக் காக்கிறது, எஸ்.எல்.எஸ். காக்கவில்லை. ஏன்?

கப்பலூர் பட்டறை:
வணக்கம். கப்பலூரில் மாமா பட்டறையில் கிரில் கம்பிகளை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் முக்கித் துருவை எடுக்கிறோம். துரு போன பிறகும் ஆசிட் இரும்பைத் தின்கிறது. அதைத் தடுக்க இரண்டு சர்ஃபாக்டன்ட்களை (சோப்பைப் போல, மின்னேற்றமுள்ள தலையும் நீரை ஒதுக்கும் கார்பன் வாலும் உள்ள பொருள்கள்) போட்டுப் பார்த்தேன்: எஸ்.எல்.எஸ். (சோடியம் லாரில் சல்பேட்), சி.டி.ஏ.பி. (செட்டில் டிரைமெத்தில் அமோனியம் புரோமைடு). எஸ்.எல்.எஸ். போட்ட துண்டு நிறைய எடை இழந்தது, சி.டி.ஏ.பி. போட்டது கொஞ்சம்தான். கல்லூரியில் படித்தது வேறு: அமிலத்தில் இரும்பு ஆக்சைடின் பரப்பு நேர்மின். அப்படியானால் எதிர்மின் தலை உள்ள எஸ்.எல்.எஸ்.தானே நன்றாக ஒட்ட வேண்டும்?

வைகைக்கரை:
தம்பி, படித்தது சரிதான். ஆக்சைடு மேலிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் அமிலத்தில் புரோட்டானை ஏற்கும், பரப்பு நேர்மின் ஆகும். காரத்தில் அது எதிர்மின்னாக மாறிவிடும். ஆனால் உங்கள் தொட்டியில் ஆசிட்டிலிருந்து வந்த எதிர்மின் குளோரைடு கொட்டிக் கிடக்கிறதே! பரப்பில் முதலில் போய் உட்காருவது அதுதான். அதன் மேல் சி.டி.ஏ.பி.யின் நேர்மின் தலை பிடித்துக்கொள்கிறது, 16 கார்பன் வால்கள் நெருங்கி நின்று நீரைத் தள்ளி வைக்கின்றன. எஸ்.எல்.எஸ். அதே இடத்துக்குக் குளோரைடோடு போட்டி போட வேண்டும், வாலும் 12 கார்பன்தான். துரு கரைந்ததும் அடியில் இருப்பது வெற்று இரும்பு என்பதையும் கணக்கில் வையுங்கள். அங்கேயும் குளோரைடுதான் பாலம்.

சல்பூரிக் ஆசிட்டில் இதே சோதனையைச் செய்து பாருங்கள். சல்பேட் அவ்வளவு இறுக்கமாக ஒட்டாது, அதனால் சி.டி.ஏ.பி.யின் பலன் குறையும். துளி பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் அயோடைடு பாலமாகி, பலன் ஏறிவிடும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

கப்பலூர் பட்டறை:
நன்றி அண்ணா! அளவைக் கூட்டினால் இன்னும் காக்குமா?

திருநகர்:
ஓரளவுக்கு மேல் காக்காது. சி.டி.ஏ.பி. தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.35 கிராமைத் தாண்டினால் மைசெலாக, அதாவது வால்களை உள்ளே வைத்த சிறு உருண்டைகளாக, திரளத் தொடங்கும், அமிலத்தில் அதற்கும் முன்பே. பிறகு போடுவதெல்லாம் பெரும்பாலும் கரைசலிலேயே நிற்கும், நுரைதான் மிச்சம்.

கப்பலூர் பட்டறை:
போர் தண்ணீரில் அலசியதும் மஞ்சளாகத் துரு பூக்கிறதே?

வைகைக்கரை:
அலசும்போது சி.டி.ஏ.பி. படலம் கழன்றுவிடும். கடைசி அலசலில் கொஞ்சம் சலவைச் சோடா போடுங்கள், உடனே துடைத்துக் காயவைத்துப் பிரைமர் அடியுங்கள். அலசும் நீரில் எஸ்.எல்.எஸ். வேண்டாம், உப்புத் தண்ணீரின் கால்சியம் அதைப் பிடித்துத் திரிய வைக்கும்.

அப்புறம், தொட்டிக் கழிவில் சுண்ணாம்பு போட்டால் ஆசிட் போகும், சி.டி.ஏ.பி. போகாது. மீனுக்கு அது நஞ்சு. கண்மாய்க்குப் போகும் வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள்.