மூன்றாம் நிமிடத்திலேயே பேய் மாட்டிக்கொள்கிறது, உதவி தேவை

15 நிமிடக் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன். ஒரு கார், இரண்டு பேர், ஒரே ராத்திரி. கதை எல்லாரும் கேட்டதுதான்: ரோட்டோரம் லிஃப்ட் கேட்டு ஏறும் பெண், வீடு வரும்போது சீட்டில் இருக்கமாட்டாள். கதவைத் தட்டினால் அவள் செத்து வருஷங்கள் ஆச்சு என்பார்கள்.

சிக்கல், அவள் கையைக் காட்டியதுமே பார்ப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது.

ஒன்றரை மாதத்தில் மூன்று டிராஃப்ட். ஓட்டுபவனையே பேயாக்கிப் பார்த்தேன். நண்பன் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். கதையையே மாற்றலாமென்று ஜப்பானின் வாய் கிழிந்த பெண் பேயான குச்சிசாகே ஒன்னாவை எடுத்தேன். 1979இல் அங்கே பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்புமளவு பரவிய வதந்தி. முகமூடி போட்டவள் "நான் அழகா?" என்பாள். "சுமார்தான்" என்றால் குழம்பிவிடுவாள், தப்பிக்கலாம். (அந்தப் பதிலுக்காகவே எடுக்கத் தோன்றியது.) ஆனால் ஏற்கெனவே படங்கள் வந்துவிட்டன. பெங்களூரில் கதவைத் தட்டும் பேய்க்காகக் கதவுகளில் 'நாளே பா' (கன்னடத்தில் 'நாளை வா') என்று எழுதிவைத்த கதையும் 2018இல் இந்தியில் படமாக வந்தாயிற்று.

திரும்பவும் காருக்கே வந்தேன். மூடுபனி, கண்ணாடியில் தெரியாத முகம் எல்லாவற்றையும் வெட்டியாச்சு. மிஞ்சியது ஒன்றுதான்: அவள் முன்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள், கார் பீப் அடிக்கவில்லை. இது மூன்றாம் நிமிடம். அதற்கப்புறம் பேப்பர் காலி.

அவள் பேய் என்று தெரிந்தபிறகு, மீதி 12 நிமிடத்துக்கு நீங்களாக இருந்தால் எதை மறைத்துவைப்பீர்கள்?