ஒரு கிராமமே கப்பலேறிப் போன கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கண்டனூர்க்காரன்:
வணக்கம். மகள் கன்சாஸில், விச்சிட்டாவில் இருக்கிறாள். போன ஆனியில் நானும் ஆச்சியும் போயிருந்தபோது வடக்கே ஒரு சிற்றூருக்குக் கூட்டிப்போனாள். சுற்றிலும் கோதுமை அறுவடை, நடுவில் பெரிய வெள்ளைத் தேவாலயம். அலெக்சாண்டர்வோல் மென்னோனைட் சபையாம். 1874-ல் உக்ரைனிலிருந்து ஊரோடு கிளம்பி வந்தவர்கள் என்றார்கள். நாங்கள் நகரத்தார்; எங்கள் ஐயா கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் தொழில் பார்க்க, பர்மாவுக்குத் தனி ஆளாகத்தான் போனார். இவர்கள் ஏன் குஞ்சு குளுவானோடு கிளம்பினார்கள்?

தேவகோட்டை வாத்தியார்:
அண்ணே, கன்சாஸ் அந்தச் சபைக்கு மூன்றாவது மண். முதலில் இன்றைய போலந்தில், விஸ்துலா ஆற்றங்கரையில் ப்ரெகோவ்கா. 1820 வாக்கில் அங்கிருந்து, அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த உக்ரைனில் மொலோச்னா. வழியில் ஜார் அலெக்சாண்டர் எதிர்ப்பட்டு, நலமாகப் போங்கள் என்று வாழ்த்தினாராம். ஜெர்மனில் 'வோல்' என்றால் நலம். ஊர்ப்பெயர் அப்படி வந்தது.

கிளம்பக் காரணம் பஞ்சமில்லை. 1536-ல் கத்தோலிக்கச் சபையை விட்டு விலகிய டச்சுப் பாதிரியார் மென்னோ சைமன்ஸ் வழியில் வந்தவர்கள், ஆயுதம் தொடமாட்டார்கள். படைக்கு ஆள் கேட்பதில்லை என்று சொல்லித்தான் ரஷ்யா இவர்களைக் குடியேற்றியது. 1874-ல் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்ததும் அந்த வாக்கு போயிற்று. 1873-லேயே பல சபைகளிலிருந்து 12 பேர் அமெரிக்கா போய் நிலம் பார்த்து வந்திருந்தார்கள். இந்தச் சபையின் மூப்பர் ஜேக்கப் புல்லரும் அதில் ஒருவர். அப்புறம் சுமார் 800 பேர், சிம்பிரியா, டியூட்டோனியா என்று இரண்டு கப்பல். சாண்டா ஃபே ரயில் கம்பெனி நிலம் விற்றது, வீடு கட்டும்வரை தங்க நீளக் கொட்டகையும் போட்டுக் கொடுத்தது. நீங்கள் பார்த்த தேவாலயம் 1886-ல் கட்டி, 1928-ல் மாற்றியமைத்தது.

எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. ப்ரெகோவ்கா காலத்திலிருந்து யார் பிள்ளை யார், யாருக்கு யாரைக் கட்டியது என்று எழுதி வந்த சபை ஏட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். நம் கோயிலில் குடும்பங்களைப் புள்ளியாக எழுதிவைக்கும் கணக்கு மாதிரிதான்.

ஆத்தங்குடி மீனா:
வாத்தியார் அண்ணன் சொன்ன புள்ளியில் ஒரு வித்தியாசம் உண்டு. நமக்குக் கோயில் மாலை வந்து கல்யாணம் முடிந்தால் ஒரு புள்ளி. அவர்களிடம் பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தபின் தானாக வந்து கேட்க வேண்டும். சபைக்காரர் வீட்டில் பிறந்துவிட்டால் மட்டும் போதாது. 800 பேர் சேர்ந்து போனார்கள் என்றாலும், பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒருநாள் தனியாக எழுந்து நின்று சரி என்று சொன்னவர்கள். இதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இன்னொன்று. நம்மவர்கள் சிங்கப்பூரில் 1859-ல் தண்டாயுதபாணி கோயில் கட்டினாலும் நகரத்தாரின் ஒன்பது கோயிலும் இங்கேயேதான் இருந்தன, திரும்பி வர வீடும் இருந்தது. அவர்கள் திரும்பும் எண்ணத்தோடு போகவில்லை.

கண்டனூர்க்காரன்:
இருவருக்கும் நன்றி. 1942-ல் ஐயா பர்மாவிலிருந்து நடந்தே வந்தபோது மாற்றுத்துணிகூட இல்லை. தொழில் நடந்த கிட்டங்கியின் கணக்குப் பேரேட்டை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். ஏடு என்று படித்ததும் இரண்டாம் கட்டு அலமாரியிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். அடுத்த முறை அந்தத் தேவாலயத்துக்கு ஞாயிறு காலையில் கூட்டிப்போகச் சொல்லி மகளிடம் கேட்டிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து அவர்கள் பாடுவதைக் கேட்கணும்.