அம்மாவுடன் மூன்று நாள் பாங்காக்: படகிலேயே ஊர் சுற்ற முடியுமா?

வைகைக்கரை:
வணக்கம். டிசம்பர் கடைசியில் அம்மாவை பாங்காக் கூட்டிப் போகிறேன். வயது 67, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். காரில் அரை மணி உட்கார்ந்தால் குமட்டும், ஆனால் படகென்றால் குஷியாகிவிடுவார். தேக்கடியில் பார்த்திருக்கிறேன். தங்குவது சீலோமில். ஆறும் கால்வாயும் நிறைய உள்ள ஊர் என்கிறார்களே, மூன்று நாளும் முடிந்தவரை படகிலேயே சுற்ற முடியுமா? பயண ஏஜெண்ட் ஒருவர் இரவு உணவோடு கூடிய சொகுசுக் கப்பலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை.

மாதவன்_மயிலை:
நீலக்கொடி கட்டிய சுற்றுலாப் படகுக்கு நாள் சீட்டு வாங்கிவிடுங்கள். போன வருடம் 150 பாத். எந்தத் துறையிலும் இறங்கலாம், ஏறலாம். பெரிய படகு என்பதால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். வேலை முடிந்தது.

காயல்வாசி:
வேலை அவ்வளவு சீக்கிரம் முடியாது மாதவன் சார்.

தம்பி, நான் சீலோம் பக்கம் ஒரு கல் கடையில் ஏழு வருஷம் இருந்தவன். வாரம் முழுக்க லென்ஸை வைத்து மாணிக்கத்தையும் நீலத்தையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் படகேறிவிடுவேன். என் உம்மா வந்து பத்து நாள் தங்கியபோது அவர்களுக்கும் இதே முழங்கால் தொல்லைதான். ஆகவே நான் சொல்வது புத்தகத்தில் படித்தது இல்லை.

சீலோமிலிருந்து சப்பான் தக்சின் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். படியிறங்கினால் சாத்தோர்ன் துறை. அங்கே ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு வரும். ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், காய்கறிக் கூடை வைத்திருக்கும் ஆயாக்கள் எல்லாரும் ஏறுவது அதில்தான். நான் கடைசியாகப் போனபோது எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாத். நீலக்கொடியில் ஒலிபெருக்கி விளக்கம் உண்டு, உண்மைதான். ஆனால் ஆரஞ்சில் ஊரே உட்கார்ந்திருக்கும்.

ஏறும்போது மட்டும் கவனம். படகு துறையில் சில நொடிதான் நிற்கும். பின்பக்கம் கயிறு போடுகிறவர் விசிலடித்தே ஓட்டுபவருக்கு வழி சொல்வார். அந்த விசிலைக் கேட்டு உம்மா, ‘நம்ம ஊர் பஸ் கண்டக்டர்தான் இங்கே வந்துட்டாரு’ என்று சொல்லிச் சிரித்தார்கள். மிதவை ஆடும், படகும் ஆடும். அம்மாவை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள். கூட்டத்தோடு மோதாதீர்கள், அடுத்த படகு வரும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்கு மேலும் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, புத்த பிக்குகள் நிற்பதற்குப் படகில் தனி இடம் உண்டு. பெண்கள் அவர்கள்மேல் உரசாமல் தள்ளி நிற்பது அங்கே மரியாதை.

தா தியென் துறையில் இறங்கினால் படுத்த கோலத்துப் புத்தர் கோயில் நடக்கிற தூரம். எதிர்க்கரையில் வாட் அருண், விடியல் கோயில். ஆற்றைக் கடக்கத் தனிப் படகு, எனக்கு 5 பாத் ஆனது. மூன்று நிமிஷப் பயணம்தான், ஆனால் பாங்காக்கில் நான் செலவழித்த காசில் இதற்குத்தான் பலன் அதிகம். கோயில் கோபுரம் முழுக்கப் பீங்கான் சில்லும் சிப்பியும் பதித்தது. தூரத்திலிருந்து கல் என்று நினைப்பீர்கள், கிட்டே போனால் பூப்போட்ட தட்டு உடைந்த துண்டுகள். மேலே ஏறும் படிகள் செங்குத்து. அம்மாவைக் கீழேயே நிழலில் உட்கார வையுங்கள்.

அந்த இடத்தில் படகில் நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஓடுவது பழைய ஆறே இல்லை. சாவ் பிரயா ஆறு முன்பு மேற்கே பெரிய கொண்டி போட்டு வளைந்து ஓடியது. 16ஆம் நூற்றாண்டில் நாட்டை ஆண்ட அயுத்தியா அரசர்கள் கப்பல்கள் சீக்கிரம் போய்வரக் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் அந்தப் பக்கமே பாய்ந்து, கால்வாய் அகன்று ஆறாகிவிட்டது. பழைய ஆறு சுருங்கி பாங்காக் யாய், பாங்காக் நோய் என்ற கால்வாய்களாகிவிட்டது. அரண்மனைக்கு முன்னால் இத்தனை கம்பீரமாக ஓடுவது மனிதன் வெட்டிய குறுக்குவழி!

எச்சரிக்கை: துறைப் பக்கம் யாராவது நல்ல உடுப்பில் வந்து ‘கோயில் இன்றைக்கு மூடியிருக்கிறது, நான் படகில் சுற்றிக் காட்டுகிறேன்’ என்றால் நிற்காமல் நடங்கள். முதல் மாதம் நானே ஒரு வால்படகில், அதாவது பின்னால் நீளத் தண்டில் எஞ்சின் வைத்த வாடகைப் படகில், ஏமாந்தேன். வால்படகே வேண்டாம். ஆயிரத்து ஐந்நூறு பாத். கல் வியாபாரிக்கே கண் தெரியவில்லை என்று கடையில் ஒரு வருஷம் கேலி செய்தார்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி அண்ணா. நகருக்குள் ஒரு கால்வாயில் அதிவேகப் படகு ஓடுவதை வீடியோவில் பார்த்தேன். அதில் அம்மாவை ஏற்றலாமா? அப்புறம், ஊருக்கு வெளியே ஒரு நாள் எங்கே போகலாம்?

காயல்வாசி:
அது சேன் சேப் கால்வாய். உம்மாவை நான் அதில் ஏற்றவில்லை, நீங்களும் ஏற்ற வேண்டாம். படி கிடையாது, படகின் விளிம்பில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து உள்ளே குதிக்க வேண்டும். சீட்டுக் கொடுப்பவர்கள் விளிம்பின்மேலேயே நடந்து காசு வாங்குவார்கள். எதிரே படகு வந்தால் தண்ணீர் மேலே அடிக்கும், ஓரத்தில் இருப்பவர்தான் தார்ப்பாயைக் கயிறு இழுத்துத் தூக்க வேண்டும். வாசனையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது.

அம்மா ஹோட்டலில் ஓய்வெடுக்கும் நேரத்தில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். 1837இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், வியட்நாமோடு நடந்த சண்டைக்குப் படை அனுப்ப. சப்பான் ஹுவா சாங் துறையில் இறங்கினால் பட்டு வியாபாரி ஜிம் தாம்ப்சன் வீடு. எதிர்க்கரையில் பான் குருவா, சாம் முஸ்லிம்களின் பழைய குடியிருப்பு. அந்த அமெரிக்கர் விற்ற பட்டில் ஒரு பங்கு இந்த வீடுகளில் நெய்ததுதான். கூட்டம் எல்லாம் அவர் வீட்டில் நிற்கும், கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஆளே வராது. பிரதூநாம் துறையில் படகு மாறும்போது அந்தப் பெயரையும் கவனியுங்கள். நீர்க்கதவு என்று பொருள், நம் மதகு மாதிரி.

வெளியே போக கோ க்ரெட் தீவு. ஆரஞ்சுப் படகில் கடைசித் துறையான நொந்தபுரி வரை ஒரு மணிக்கு மேல் ஆகும். அங்கிருந்து டாக்ஸியில் பாக் க்ரெட், பிறகு ஆற்றைக் கடக்க ஒரு தோணி. இதுவும் வெட்டியதால் வந்த தீவு. 1722இல் ஆற்றின் வளைவைக் குறுக்கே வெட்டியபோது நிலம் தனியாக நின்றுவிட்டது. மோன் இனத்துக் குயவர்கள் ஊர். சிவப்பு மண்ணில் பூ வேலை செய்த பானைகள், கரை அரித்ததில் சாய்ந்து நிற்கும் ஒரு வெள்ளைத் தூபி. பூக்களை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்கள், நம் பஜ்ஜிதான். மாவில் என்ன கலந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறில் போங்கள், மற்ற நாளில் பாதிக் கடை திறக்காது.

ஓடக்காரி:
காயல்வாசி அண்ணனோடு ஒன்றில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். வால்படகை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல முடியாது. பொதுப் படகு பெரிய ஆற்றைத்தான் காட்டும். மேற்குக்கரை சின்னக் கால்வாய்களில் வீட்டு வாசல்படி தண்ணீருக்குள் இறங்குவதையும், உடும்பு கரையில் வெயில் காய்வதையும் பார்க்க வால்படகுதான் வேண்டும். துறை அலுவலகத்தில் விலைப் பலகை பார்த்து, நேரத்தையும் வழியையும் முதலிலேயே பேசி ஏறுங்கள். கால்வாய் வாயில் மதகு மூடியிருந்தால் உள்ளும் வெளியும் தண்ணீர் சமமாகும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது. எஞ்சினை நிறுத்திவிடுவார்கள், காதுக்கு நிம்மதி.

சைவத்துக்கு: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடை. ‘ஜே’ என்று கேளுங்கள். பூண்டு, வெங்காயம்கூடப் போட மாட்டார்கள்.

காயல்வாசி:
சரி, ஏற்றுக்கொள்கிறேன். என் 1,500 பாத் கோபம் இன்னும் தீரவில்லை, அதுதான்.

மாதவன்_மயிலை:
மார்கழியில் போகிறீர்கள் என்பதால் ஒரு தகவல். நான் போனபோது சேன் சேப் படகின் மேற்குக் கடைசித் துறை பான்ஃபா. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சிவப்புத் தேக்கில் இரட்டைத் தூணாக ராட்சத ஊஞ்சல் நிற்கிறது. முதலில் 1784இல் நட்டது, விழாவில் அதில் ஆடுவது 1935இல் நின்றுவிட்டது. அந்த விழாவுக்குப் பெயர் திரியம்பாவாய். நம் திருவெம்பாவைதான். அரண்மனைப் பிராமணர்கள் இன்னும் ஓதுகிறார்கள். அம்மாவுக்கு ஆட்டோ பிடித்துக் காட்டுங்கள்.

வைகைக்கரை:
நேற்றுத்தான் திரும்பினோம். கோ க்ரெட்டுக்குப் போகவில்லை, அம்மாவால் முடியவில்லை. ஊஞ்சலின் கீழே நின்று ‘ஆதியும் அந்தமும் இல்லா’ என்று முழுப் பாட்டையும் சொன்னார். எதிரே மாங்காய் விற்ற அம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆற்றில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து போனது. ‘வைகையிலேயும் இதுதானேடா கிடக்கு’ என்றார். வாட் அருண் பார்த்துத் திரும்பி வந்து இறங்கியதும், ‘இன்னொரு தடவை அக்கரைக்குப் போயிட்டு வருவோம்’ என்று கேட்டார். போனோம். திரும்ப வந்தோம். மறுபடியும் கேட்டார். ஐந்து பாத் தானே என்று மூன்று முறை போய் வந்தோம். மூன்றாவது முறை சீட்டுக் கொடுப்பவர் எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.