பந்தயத்தை விட்ட குதிரைகளும் நம் பிள்ளைகளும்: அனுபவத்தைச் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ் அம்மா:
மகனுக்கு ஒன்பது வயது, மூளை முடக்குவாதம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் குதிரைமேல் உட்கார வைத்து நடத்தும் சிகிச்சைச் சவாரிக்கு அவனைக் கூட்டிப் போனேன், நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் ஓடிய குதிரை அது, நெற்றியில் விரல் அகல வெள்ளை. ஆறாவது வாரம். வெளியே யாரோ இரும்புக் கதவை அறைந்து சாத்தினார்கள். குதிரையின் காதுகள் விறைத்தன, கழுத்து கல்லாக இறுகியது. அவ்வளவுதான், ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. நான்தான் கத்தினேன். வேலிக்குள் புகுந்து மகனை இழுத்து இறக்கினேன். சேணத்தில் உரசி அவன் முழங்கால் தோல் வழன்றுவிட்டது. காயம் என்னால் வந்தது. ஆனால் புகாரில் "குதிரை மிரண்டது" என்றுதான் எழுதிக் கொடுத்தேன். மறு வாரம் அதன் லாயம் காலி. எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.

பழைய சைஸ்:
அம்மா, நான் சைஸ், பந்தயக் குதிரைகளைப் பராமரித்தவன். பந்தயத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் பாயத்தான் நாங்கள் பழக்குவோம். உங்கள் குதிரை பாயவில்லை என்றால், யாரோ மாதக்கணக்கில் பொறுமையாக அதை மாற்றியிருக்கிறார்கள். 1843இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன்பே என் கையில் வளர்ந்த ஒரு குதிரை ஓய்வு பெற்றுப் பிள்ளைகளைச் சுமக்கப் போய்விட்டது. ஒருநாள் பார்க்கப் போனேன். பந்தயத்தில் ஜாக்கியை, குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே காலைப் பிடித்து மேலே தூக்கிவிடுவோம், நிற்கவே அதற்குத் தெரியாது. இங்கே சாய்தளத்தின் அருகில் நிற்கிறது. சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சிறுமியைத் தூக்கி உட்கார வைத்து, காலைச் சரிசெய்து, தலைக்கவசத்தை இறுக்கி முடிக்கும்வரை குளம்பு அசையவில்லை. என்னிடம் நான்கு விநாடி நிற்காத பயல்! என்னை அடையாளமும் தெரியவில்லை. சட்டைப் பையை மோந்தான், கேரட் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மழைக்காகம்:
மேலே எழுதியவர் உருகுகிறார், பாதி விஷயத்தை விட்டுவிட்டார். சாதாரணக் குதிரைக்குக் கடிவாள வாரை இழுத்தால் "நில்". பந்தயக் குதிரையோ இழுத்த வாரில் சாய்ந்துகொண்டு ஓடிப் பழகியது. விரலை விரிக்க முடியாத பிள்ளையின் கையில் அந்த வாரைக் கொடுத்தால் என்ன ஆகும்? உயரம் வேறு. பல குதிரைகள் பதினாறு கை, அதாவது 64 அங்குலம். பக்கத்தில் நடக்கும் குள்ளமான தொண்டருக்குப் பிள்ளையின் இடுப்பு எட்டாது.

என் கதை சிறியது. மகளுக்கு டவுன் சின்ட்ரோம். முதல் நாளே கழுத்துக்கு எக்ஸ்ரே கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், சண்டை போட்டேன். கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டும் தளர்ந்திருக்கலாம், குலுங்கினால் தண்டுவடத்துக்கு ஆபத்து என்று மருத்துவர் பிறகு விளக்கினார். ஆகவே பெற்றோரே, மருத்துவர் கடிதம் இல்லாமல் ஏற்றாதீர்கள். வலிப்பு இருந்தால் மறைக்காதீர்கள். இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். கால் வைக்கும் வளையமான அங்கவடியில் பாதம் சிக்கினால் விடுபடும் வசதி உண்டா என்று கேளுங்கள். குதிரை பந்தயத்தை விட்டு எத்தனை மாதம் என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். முக்கியமாக, வேலிக்கு வெளியே நில்லுங்கள்.

ஜூரோங்வாசி:
போட்டிக் குதிரை ஆகாது என்கிறீர்களா? போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் லிஸ் ஹார்டெல், ஜூபிலி என்ற குதிரைமேல் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். ஏற்றி இறக்கவே ஆள் வேண்டியிருந்தது. இந்தச் சிகிச்சைக்கே அவர்தான் முன்னோடி.

மழைக்காகம்:
ஜூபிலி பந்தயத்தில் பாய்ந்த குதிரை இல்லை. அது டிரெஸ்ஸாஜ், அடிமேல் அடி வைக்கப் பாடம் கற்ற குதிரை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா:
வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னது எனக்குத்தான் என்று புரிகிறது. சைஸ் அண்ணா, நெற்றி வெள்ளையோடு பின் இடது குளம்புக்கு மேலும் கொஞ்சம் வெள்ளை. அப்படி ஒன்று உங்களுக்குத் தெரியுமா?

பழைய சைஸ்:
அந்த அடையாளத்தில் நானே ஏழெட்டு பார்த்திருக்கிறேன் அம்மா. பெயரைச் சொல்லுங்கள், விசாரிக்கிறேன்.

உட்லண்ட்ஸ் அம்மா:
பெயர் கேட்டு வைக்கவில்லை அண்ணா. மகன் அதை "பஸ்" என்றுதான் கூப்பிடுவான்.